62 சதவீதத்தில் நின்ற இன்ஸ்டலேஷன்

போன ஐப்பசி. குன்னூரில் நான்கு நாளாக வெயிலைக் கண்ணில் பார்க்கவில்லை. காயப்போட்ட துணி வீட்டுக்குள்ளேயே நாற ஆரம்பித்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பழைய ஸ்கேனரை லேப்டாப்போடு இயங்கவைக்கும் டிரைவர் மென்பொருளைப் போட சிடியைத் தேடி எடுத்தேன். 62 சதவீதம் வரை போய் நின்றது. 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்றொரு பிழைச் செய்தி. பெயர்தான் மிரட்டல். சிடியிலிருந்து படித்த தரவு, அதோடு பதிந்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

சிடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பெரிய கீறல் இல்லை, மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி மெல்லிய ஈரம். பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தரவு சுருள் பாதையில் பதிந்திருப்பதால், அதே திசையில் விழும் கீறல் தொடர்ச்சியாக நிறையத் தின்றுவிடும்.

மறுபடியும் 62!

அப்புறம்தான் உறைத்தது. இரவெல்லாம் ஜன்னலோரம் சில்லிட்டுக் கிடந்த லேப்டாப்பை ஹீட்டர் போட்ட அறைக்கு நான்தான் கொண்டுவந்தேன். உள்ளே சிடியைப் படிக்கும் லென்ஸிலும் ஈரம் படியாமல் இருக்குமா? சிடியை எடுத்துவிட்டு, மெஷினை ஆன் செய்து, ஒரு மணி நேரம் சும்மா விட்டேன். இரண்டு டீ ஆனது.

பிறகு நேராக இன்ஸ்டால் செய்யாமல், முழு சிடியையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்குக் காப்பி செய்தேன். ஒரு ஃபைல் மட்டும் முரண்டு பிடித்து, மூன்றாம் முறை வந்தது. அங்கிருந்து செட்டப்பை ஓட்டினேன்; இரண்டே நிமிடம். அந்த ஃபோல்டரை பென் டிரைவிலும் போட்டு வைத்திருக்கிறேன்.