சிப்பர் மட்டை: வாங்குவதும் ஆடுவதும்

கோல்ப் ஆட்டத்தில், குழியைச் சுற்றிக் குட்டையாகக் கத்தரித்த புல்தரைக்குக் கிரீன் என்று பெயர். அந்தக் கிரீனின் விளிம்பிலிருந்து நான்கைந்து அடி தள்ளிக் கிடக்கும் பந்தைக் குழிப் பக்கம் உருட்டி விடுவது, பார்ப்பவருக்கு மிக எளிய வேலையாகத் தோன்றும். ஆனால் நெடுந்தூரம் அடிப்பதற்கான டிரைவர் மட்டையை வீசி இருநூறு கெஜம் அடித்தவரின் கை தடுமாறுவதும் அந்த இடத்தில்தான். மட்டை பந்துக்கு முன்பே மண்ணைக் கொத்திவிட்டால் பந்து ஒரு முழம்தான் நகரும். மட்டையின் கீழ் விளிம்பு பந்தின் நடுவில் பட்டுவிட்டாலோ, பந்து கிரீனைக் குறுக்கே கடந்து மறுபுறத்துப் புல்லில் போய் ஒளிந்துகொள்ளும். இந்த இரண்டு பிழைகளையும் குறைப்பதற்கென்றே உருவான தனி மட்டைதான் சிப்பர்.

தோற்றத்தில் அது, கிரீனில் பந்தை உருட்டும் மட்டையான பட்டருக்கும், சாய்ந்த முகமுள்ள இரும்புத்தலை மட்டையான அயர்னுக்கும் இடைப்பட்டது. நீளம் பெரும்பாலும் 34 முதல் 36 அங்குலம் வரை இருக்கும். முகத்தின் சாய்வு, அதாவது லாஃப்ட், பொதுவாக 30 முதல் 37 டிகிரி. ஏறத்தாழ 8ஆம் எண் அயர்னின் சாய்வு என்று கொள்ளலாம். தண்டு அயர்னைவிடச் செங்குத்தாக நிற்பதால், ஆடுபவர் பந்துக்கு அருகில் நின்று, பட்டரை ஆட்டுவதுபோலத் தோள்களால் ஆட்டலாம். பந்து சிறிது தூரம் தாவி, கிரீனில் விழுந்து, மீதித் தூரத்தை உருண்டே கடக்கும்.

வாங்குவதற்கு முன்பு செலவில்லாத ஒரு சோதனையைச் செய்துபார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பையிலிருக்கும் 8ஆம் எண் அயர்னை எடுத்து, பிடியின் கீழ்நுனியில், விரல் இரும்பைத் தொடும் அளவுக்கு இறக்கிப் பிடித்து, மட்டைத் தலையின் குதிகால் பக்கம், அதாவது தண்டு பொருந்தியுள்ள முனை, தரையிலிருந்து சற்றே உயரும்படி நிறுத்தி, பட்டரைப்போல ஆட்டுங்கள். இருபது பந்துகளில் குறைந்தது பதினைந்து ஒழுங்காக உருண்டால் உங்களுக்குச் சிப்பர் தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல பந்துகள் வாங்கலாம். நன்றாக உருளவில்லை, அல்லது பந்தருகில் நின்றதும் மணிக்கட்டு தானாக வெட்டி இழுக்கிறது என்றால், இந்த மட்டை உங்களுக்கு உண்மையிலேயே உதவும். இதைக் கத்துக்குட்டிகளின் மட்டை என்று ஏளனம் செய்வோர் உண்டு. அட்டையில் எழுதப்படுவது அடிகளின் எண்ணிக்கையே தவிர மட்டையின் பெயரன்று என்பதால் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது விதி. சிப்பர் பட்டரைப்போல் இருந்தாலும், கோல்ப் விதிகள் அதை அயர்னாகவே கருதுகின்றன. ஆகவே அதற்கு அடிக்கும் முகம் ஒன்றுதான் இருக்கலாம். தண்டு தலையின் குதிகால் பக்கத்தில் பொருந்தியிருக்க வேண்டும். பிடியின் குறுக்குவெட்டு வட்டமாக இருக்க வேண்டும். பட்டரில் உள்ளதுபோல ஒரு பக்கம் தட்டையான பிடி இதற்கு ஆகாது.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். பாளையங்கோட்டை வீட்டில் உட்கார்ந்தபடி, இணையக் கடையொன்றில் இருபுறமும் முகமுள்ள சிப்பரை, வலக்கையாலும் இடக்கையாலும் ஆடலாம் என்ற விளம்பரத்தை நம்பி வரவழைத்தேன். விதிக்கு உட்பட்டதா என்பதைப் பற்றி அந்த விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை. நட்புப் போட்டியொன்றில், முதல் குழிக்கு அருகே, மூத்த ஆட்டக்காரர் ஒருவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இத வச்சு ஒரு அடி அடிச்சாலும் ஆட்டத்த விட்டே வெளிய அனுப்பிருவாவ” என்றார். அவர் சொன்னது சரி: விதிக்குப் பொருந்தாத மட்டையால் ஓர் அடி அடித்தாலே தகுதி நீக்கம்தான். பையில் வைத்திருப்பதற்கு மட்டும் தண்டனை இல்லை; ஆனாலும் ஒருவர் பையில் 14 மட்டைகள் என்ற வரம்பில் அதுவும் ஒன்றாக எண்ணப்படும். அந்த இருமுக மட்டை இப்போது எங்கள் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் ரப்பர் பந்து தள்ளப் பயன்படுகிறது.

14 என்ற வரம்பைப் பற்றி இன்னொன்று. சிப்பரைச் சேர்த்தால் வேறொரு மட்டையை வெளியே எடுக்க வேண்டிவரும். எதை எடுப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். பெரும்பாலானோர் ஆண்டு முழுவதும் உறையைக் கழற்றாத நீள அயர்ன் ஒன்றாவது வைத்திருப்பார்கள்.

சாய்வைத் தேர்ந்தெடுப்பதில் நீங்கள் ஆடும் தரையே வழிகாட்டி. எனக்கு ரயிலேறினால் திருவனந்தபுரத்தின் ஒன்பது குழி மைதானம்; மலையேறினால் 1895இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ப் கிளப். வறண்டு இறுகிய தரையில் பந்து அதிகம் ஓடும் என்பதால் 35 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வு நல்லது. பனியும் தூறலும் நனைத்த புல்லில் பந்து சீக்கிரம் நின்றுவிடும். அங்கே குறைந்த சாய்வும் ஒத்துவரும். இரண்டு இடத்துக்கும் ஒன்றே போதும் என்பவர் 35ஐ ஒட்டி வாங்கலாம். நீளம் உங்கள் பட்டரின் நீளத்தை ஒட்டியிருந்தால் நிற்கும் நிலை மாறாது. அடிப்பாகம் அகன்று, முன்விளிம்பு சற்று உருண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கத்திபோல் கூரிய விளிம்பு மண்ணில் இறங்கிவிடும்.

ஆடும் முறைக்கு வருவோம். பாதங்களை நெருக்கி வைத்து, பந்தை நடுவிலோ அதற்குச் சற்றே பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள். வலக்கை ஆட்டக்காரர் உடல் எடையில் பாதிக்கு மேல் இடக்காலில் சுமத்தி, அடித்து முடியும்வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும். கைகள் பந்தைவிட ஒரு விரற்கடை இலக்குப் பக்கம் முன்னே நிற்கட்டும். பிறகு தோள்களும் கைகளும் ஒரே முக்கோணமாக ஊஞ்சல்போல் போய்வர வேண்டும். மணிக்கட்டுக்கு இதில் வேலையே கிடையாது. பின்னே போன அளவே முன்னும் போகட்டும்.

எல்லோரும் செய்யும் தவறு, பந்தைக் கிளப்பிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் கடைசி நொடியில் கையால் கரண்டிபோல் அள்ளுவது. மேலே சொன்ன அதே மூத்தவர், நாங்கள் அண்ணாச்சி என்றே அழைப்பவர், இதற்குச் சொன்ன மருந்து: “பந்தத் தூக்கணும்னு நினைக்காதீய, மட்டையோட சாய்வு அத பாத்துக்கிடும்.” மட்டை பந்தைத் தொட்டுவிட்டுப் புல்லின் நுனியை உரசிச் செல்லும் சத்தம் காதில் விழுந்தால் அடி சரியாக அமைந்தது என்று பொருள்.

குழியைப் பார்த்து அடிக்காதீர்கள். பந்து முதலில் விழ வேண்டிய இடத்தைப் பார்த்து அடியுங்கள். அந்த இடம் கிரீனுக்குள் ஒரு கெஜமாவது உள்ளே, சமதளமாக இருக்க வேண்டும். இதற்குப் பயிற்சி செய்ய மைதானம் தேவையில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் பிசான அறுவடை முடிந்த பிறகு, குளத்துக்கரையில் ஆடுகள் கடித்துக் கடித்துக் குட்டையாக்கிய அருகம்புல், ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில், மைதானத்தின் கத்தரித்த புல்வழியான ஃபேர்வேக்கு ஈடான தரையாகிவிடும். குற்றாலத் துண்டு ஒன்றை நான்காக மடித்து ஐந்து தப்படி தூரத்தில் விரித்து, பந்து அதன்மேல் விழும்படி அடித்துப் பழகினேன். முதல் நாள் முப்பது பந்துகளில் துண்டின்மேல் விழுந்தவை நான்கு. அடுத்த வாரம் பாதிக்குப் பாதி விழுந்தது. கரைமேட்டில் பந்து ஓடும் தூரத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கிரீனின் ஓட்டமன்று.

ஓடும் தூரத்தை ஆடவிருக்கும் கிரீனிலேயே, ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் தப்படி போட்டு அளந்துகொள்ள வேண்டும். என் மட்டையில், காய்ந்த கிரீனில், பந்து ஒரு பங்கு தாவினால் மூன்று பங்கு உருள்கிறது. ஈரத்தில் இரண்டு பங்குதான். உங்கள் மட்டைக்கு வேறு கணக்கு வரும்.

வெப்ப நாட்டு மைதானங்களில் பெர்முடா என்று அழைக்கப்படும் புல் நம் அருகம்புல்லேதான். அதன் இலைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கையில் புல் பளபளத்தால் அது உங்களுக்கு அப்பால் சாய்ந்திருக்கிறது. பந்து வேகமாக ஓடும். மங்கலான கரும்பச்சையாகத் தெரிந்தால் எதிர்ச் சாய்வு. சற்றுக் கூடுதலாகத் தள்ள வேண்டும்.

காற்று வீசும் நாளில் இந்த மட்டையின் அருமை தெரியும். கணவாய் வழியே ஆடிக்காற்று சீறும் மாதங்களில் உயரே எழுப்பிய பந்தைக் காற்று எங்கோ ஒதுக்கிவிடும். முழங்காலுக்கும் கீழே போகும் பந்தை அது ஒன்றும் செய்யாது.

எங்கே எடுக்கக் கூடாது என்பதும் தெளிவாக இருக்கட்டும். பந்துக்கும் கிரீனுக்கும் இடையில் மணற்குழி இருந்தாலும், குழியைக் காட்டும் கொடி கிரீன் விளிம்பை ஒட்டி நின்றாலும், பந்து உயர்ந்த புல்லுக்குள் அமிழ்ந்திருந்தாலும், மணலில் கிடந்தாலும் சிப்பரைத் தொட வேண்டாம். அவை, சாய்வு மிகுந்து பந்தை உயரே எழுப்பும் வெட்ஜ் மட்டைக்கு உரிய இடங்கள். பந்து கிரீனை ஒட்டி, நடுவே புல் ஒரே சீராகக் கத்தரிக்கப்பட்டிருந்தால் பட்டரே போதும். இந்த இரண்டுக்கும் நடுவில், பந்துக்கும் கிரீனுக்கும் இடையே நான்கிலிருந்து முப்பது அடிவரை சற்றே கரடுமுரடான புல் கிடக்கும் இடமே சிப்பரின் எல்லை.