பென்குவின் அலகு ஏன் விழுகிறது?

டெல்லியில் குளிர்கால விடுமுறை விட்டதும் எங்கள் குடியிருப்பில் வருஷா வருஷம் ஒரே கதைதான். வெளியே பனிமூட்டம், மூச்சுவிட லாயக்கில்லாத காற்று. வீட்டுக்குள் மூன்று வயதும் ஆறு வயதும் சோபாவில் குதிக்கும். யாராவது ஒரு அம்மாவோ தாத்தாவோ போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பென்குவின் செய்யலாம் வா என்று பிள்ளைகளோடு உட்காருவார்கள். பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுப்பவள் என்பதால் சாயங்காலம் பஞ்சாயத்து என்னிடம் வந்துவிடும். ஆரம்ப நாளில் நான் அடித்த அதே கூத்துகள்தான் இன்னும் நடக்கின்றன. பேப்பர் விரிக்காமல் உட்காருவது, நல்ல ஸ்வெட்டரோடு பெயின்டைத் தொடுவது எல்லாம் ஒரு தடவை பட்டாலே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிட்டு மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஹீட்டர் முன்னால் காயவைப்பது

எத்தனை சொன்னாலும் நிற்காத வேலை இது. எனக்கு எரிச்சலும் தீரவில்லை.

பென்குவின் வயிற்றில் பஞ்சு ஒட்ட வேண்டும். குழந்தை ஃபெவிகால் பாட்டிலைக் கவிழ்த்துப் பிழிகிறது. பஞ்சு நிற்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போடு கண்ணா" என்கிறார் பக்கத்தில் இருக்கும் பெரியவர். போடப் போடப் பஞ்சு ஊறி, கஞ்சியில் விழுந்த துணியாகச் சுருள்கிறது. அலகு மெல்ல நழுவிக் கழுத்துக்கு வந்து நிற்கிறது. குழந்தை உதட்டைப் பிதுக்குகிறது. உடனே ஒரு யோசனை: "ஹீட்டர்கிட்ட வை, ரெண்டு நிமிஷத்துல காஞ்சிடும்."

காயாது. வெள்ளைப் பசை என்பது தண்ணீரில் மிதக்கும் பாலிவினைல் அசிடேட். அந்தத் தண்ணீர் காகிதத்துக்குள்ளும் காற்றிலும் போய்த் தீர்ந்தால்தான் பசை பிடிக்கும். ஜனவரிக் காலையில் டெல்லிக் காற்றே ஈரத்தில் நிறைந்திருக்கிறது, இன்னும் தண்ணீரை அது எங்கே வாங்கும்? குளிர் மிஞ்சினால் பசை படலமாகச் சேராமல் வெளுத்துப் பொடியாவதும் உண்டு. ஹீட்டர் முன்னால் வைத்தால் மேலே மட்டும் தோல் கட்டும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அட்டையும் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து வளையும். அலகு ராத்திரி விழும்.

அலகு விழுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். பஞ்சும் காகிதமும் பற்றினால்? ராட் ஹீட்டரின் சிவந்த கம்பிக்கும் பஞ்சுக்கும் நடுவே இருப்பது ஓட்டை ஓட்டையான ஒரு கம்பி வலைதான். ப்ளோயர் என்றால் பிய்ந்த பஞ்சை உள்ளேயே இழுத்துக்கொள்ளும். போன குளிரில் ஒரு வீட்டில் துருவக் கரடியின் காது கருகிவிட்டது. தாத்தா காலால் தட்டி அணைத்தார். "ஒண்ணும் ஆகலையே ஆன்ட்டி" என்று பிள்ளையின் அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அடுத்த நாள் காலை அவள் பிள்ளை, யாரும் சொல்லாமலே, தான் செய்த ஆந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே ஹீட்டரிடம் போயிருக்கிறான். நாம் ஒரு தடவை செய்து காட்டியது அவனுக்குப் பாடமாகிவிட்டது. இதைத்தான் நான் பெரிய நஷ்டம் என்கிறேன்.

பாட்டிலைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றி, விரல் நுனியாலோ காது பட்ஸாலோ தேய்க்கச் சொல்லுங்கள். தேய்த்த பிறகு அடியில் இருக்கும் நிறம் மங்கலாகத் தெரிந்தால் அளவு சரி. பஞ்சை உருண்டையாக வைக்காமல் நார் நாராகப் பிரித்து, ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். காகிதத்தோடு காகிதம் ஒட்டுவதற்கு க்ளூ ஸ்டிக்கே போதும். வேலையை மதியம் வெயில் வந்த பிறகு ஆரம்பித்து பால்கனியில் காயவையுங்கள். வெயிலே வராத நாளில் ராத்திரி முழுக்க மேஜை மேல் கிடக்கட்டும். பஞ்சு இல்லாத உருவம் என்றால் மேலே பட்டர் பேப்பர், அதன் மேல் கனமான புத்தகம். "கண்ணு நாளைக்குத்தான் வைப்போம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அழுகை பாதி குறையும்.

மைதா பசை காய்ச்சுவதும் நல்ல வழிதான், ஆனால் அன்றன்றைக்குக் கிளறியதாக இருக்கட்டும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். விரல் சப்பும் பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் அந்தப் பொட்டலமே வரக்கூடாது.

பிரின்டர் தாள்

ஈரம் பட்டால் சுருளும். சாவ்ரி பஜாரில் 200 ஜிஎஸ்எம் கனமுள்ள அட்டை வாங்கிவிடுங்கள்.

தெர்மாகோல் மணிகள்

வேண்டாம். பொங்கல் வரை பெருக்குவீர்கள்.

உருளும் பிளாஸ்டிக் கண்கள்

டாய்லெட் ரோல் குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையின் கைக்குப் போகக்கூடாது, தொண்டையில் அடைக்கும். ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாலே கண் வந்துவிடும்.

வெள்ளையில் வெள்ளை

வெள்ளை அட்டையில் வெள்ளைப் பஞ்சு ஒட்டிவிட்டு, கரடி தெரியவில்லை என்று என்னிடம் வருகிறார்கள். துருவக் கரடியின் தோல் கறுப்பு. வெள்ளையாகத் தெரியும் முடிக்கு உண்மையில் நிறமே கிடையாது. கறுப்பு சார்ட்டில் கரடியை வெட்டி மேலே மெல்லிசாகப் பஞ்சு ஒட்டுங்கள். பஞ்சு குறைவாகப் பிடிக்கும், பசையும் குறையும், மூக்குக்குத் தனியாகப் பெயின்டும் வேண்டாம்.

வடதுருவமும் தென்துருவமும் ஒரே அட்டையில்

பென்குவினும் துருவக் கரடியும் கைகோத்து நிற்கும் அட்டை இல்லாத வீடு இல்லை. கரடி ஆர்க்டிக்கில், பென்குவின் தெற்கே. இயற்கையில் அவை ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. அழகுக்காக என்றால் சரி, ஆனால் குளிர்காலம் என்றால் பென்குவின்தான் என்று யார் சொன்னது? குளிருக்கு யமுனைப் படித்துறையில் கடற்காகங்கள் வந்து இறங்குகின்றன. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளை ஓக்லா பறவைகள் சரணாலயப் பக்கம் பார்க்கலாம். அதே இனம் நம் நெல்லைக் கூந்தன்குளத்துக்கும் போகிறது, ஊருக்குப் போன் போட்டு ஆச்சியிடம் பிள்ளையே கேட்கலாம். செய்வதும் சுலபம்: சாம்பல் நிற உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புக் கோடு, மஞ்சள் அலகு. பஞ்சுக்கு வேலையே இல்லை.

திருத்துவது

அலகு நெற்றியில் இருந்தால் இருக்கட்டும். பசை காய்வதற்குள் சரிசெய்யப் போனால் மொத்தத் தலையும் பிய்ந்து உங்கள் கையோடு வரும்.