தூக்கிக் கட்டிய பழைய ஜிப்ஸியை இறக்குவது எப்படி?

முன்பு வைத்திருந்தவர் உயரம் தூக்கிவிட்ட மாருதி ஜிப்ஸியை வாங்கியவர்களுக்கான செய்முறை இது. சென்னை ஓ.எம்.ஆரில் 60-ஐத் தாண்டினாலே ஸ்டியரிங் அலைகிறது, வீட்டுப் பெரியவர்களால் ஏற முடியவில்லை, 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். காரணம் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: எதைச் செய்து தூக்கினார்களோ அதையே திருப்பி எடுக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையைக் கேஸ் வைத்துச் சூடாக்கித் தட்டி இறக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடு பட்ட இடத்தில் பட்டையின் டெம்பர், அதாவது வளைந்து மீளும் உறுதி, போய்விடும். பிறகு ஒரு பக்கம் உட்காரும், அல்லது ஓடும்போதே உடையும்.

எப்படித் தூக்கியிருக்கிறார்கள்?

டார்ச்சோடு அடியில் படுத்துப் பாருங்கள். ஜிப்ஸிக்கு நான்கு பக்கமும் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங். கம்பெனி அமைப்பில் ஸ்பிரிங் கட்டு ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். அது மேலே உட்கார்ந்திருந்தால், ஆக்ஸிலில் ஸ்பிரிங் உட்காரும் புது சீட் வெல்ட் செய்து தூக்கிய வண்டி. பழைய சீட்டை அறுத்தும் இருப்பார்கள். அதை வீட்டில் திருப்ப முடியாது. பினியன் (புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடம்) கோணம் பார்த்து வெல்ட் செய்யத் தெரிந்த பட்டறைக்குப் போங்கள்.

கட்டு கீழேயே இருந்தால் நீள ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸில் தொங்கவிடும் தகடு) போட்டிருப்பார்கள், அல்லது கூடுதல் பட்டை சேர்த்திருப்பார்கள். சில வண்டிகளில் இரண்டும் இருக்கும். சேர்த்த பட்டை தன்னைக் காட்டிக்கொடுக்கும்: கனம் வேறு, துருவின் நிறம் வேறு, முனை வெட்டு வேறு. இந்த இரண்டையும் நீங்களே எடுக்கலாம்.

அளவு எடுப்பது

நான்கு டயரிலும் ஒரே காற்று, அரை டேங்க் பெட்ரோல். வீல் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊர் கார் பார்க்கிங் தரை தண்ணீர் வடியச் சரிவாகத்தான் இருக்கும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தால் சமமான இடத்தைத் தேடிப் பிடியுங்கள். ஷாக்கிள் கணக்கு சுலபம். ஓட்டைக்கு ஓட்டை 50 மி.மீ. குறைந்தால் வண்டி ஏறக்குறைய 25 மி.மீ. இறங்கும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனைதான் நகர்கிறது.

வாங்க வேண்டியவை

கம்பெனி நீள ஷாக்கிள் 4 செட், புது புஷ், நட்டு. பட்டை எடுப்பதாக இருந்தால், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் 4, கட்டை ஆக்ஸிலோடு பிடிக்கும் யு போல்ட் 8. ஜி.பி. ரோட்டில் புதிதாகவும் புதுப்பேட்டையில் பழசாகவும் தேடலாம். ஷாக்கிள் தகடு பழசாக இருந்தாலும் பாதகமில்லை, ஓட்டை நீள்வட்டமாகத் தேயாமல் இருந்தால் போதும். புஷ்ஷும் யு போல்ட்டும் புதிதாகத்தான் வேண்டும். ஒருமுறை முறுக்கிய யு போல்ட் இழுபட்டிருக்கும், மறுபடி பிடிக்காது. இரண்டு ஜாக்கி, 3 டன் ஸ்டாண்டு இரண்டு, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச், பெரிய சி கிளாம்ப் இரண்டு.

பின்பக்கம் முதலில்

இரண்டு நாள் முன்பே எல்லா நட்டிலும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். ஈ.சி.ஆர். பக்கம் நின்ற வண்டி என்றால் கடல் காற்று வேலையைக் காட்டியிருக்கும்.

முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பின் டிஃப்ரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, சேசிஸ் சட்டத்தின் கீழ் ஸ்டாண்டு நிறுத்துங்கள். தார் தரை வெயிலில் இளகி ஸ்டாண்டின் கால் புதையும், கீழே பிளைவுட் பலகை போடுங்கள். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஷாக்கிள் மீதுள்ள சுமை நீங்கும் வரை ஆக்ஸில் ஜாக்கியை மெல்ல இறக்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு பக்க ஷாக்கிள் மட்டும். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் ஆக்ஸில் நகர்ந்து, ஓட்டைகளைப் பொருத்தவே அரை நாள் போகும். போல்ட் வராவிட்டால் மரையில் நேராகச் சுத்தியல் அடிக்காதீர்கள், மரை முனை விரிந்துவிடும். நட்டை முனை வரை திருப்பி வைத்து அதன்மேல் அடியுங்கள். போல்ட்டோடு புஷ்ஷும் சேர்ந்து சுற்றினால், உள்குழாயோடு துரு ஒட்டிவிட்டது என்று அர்த்தம். ஷாக்கிள் தகட்டுக்கும் ஸ்பிரிங் கண்ணுக்கும் நடுவே ஹாக்ஸா பிளேடு விட்டு அறுத்துவிடுங்கள், வேறு வழியில்லை.

புது ரப்பர் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ பட்டால் ரப்பர் ஊதிப் பிய்ந்துவிடும். நட்டை இப்போது விரல் பிடிக்கு மட்டும் முறுக்குங்கள். இதில்தான் பலர் தவறுகிறார்கள். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி தரையில் உட்கார்ந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டி விறைப்பாக இருக்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் இறங்கி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிய பிறகே டார்க் ரெஞ்சில் ஒர்க்ஷாப் மேனுவல் அளவுக்கு இறுக்க வேண்டும்.

பட்டை எடுப்பதானால் ஸ்பிரிங் கட்டு முழுவதையும் வெளியே எடுத்து, சென்டர் போல்ட்டின் இருபுறமும் சி கிளாம்ப் பூட்டிய பிறகே போல்ட்டைத் தளர்த்துங்கள். கிளாம்ப் இல்லாமல் கழற்றினால் கட்டு வெடித்து விரியும், கை போகும். இடது வலது இரண்டிலும் அதே பட்டையை எடுங்கள். திரும்பப் பூட்டும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் சீட்டின் குழியில் சரியாக இறங்கியதா என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். இறங்காவிட்டால் ஆக்ஸில் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும். யு போல்ட் நான்கு நட்டையும் குறுக்காக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

முன்பக்கம்

முறை அதேதான். ஜிப்ஸியின் முன் ஷாக்கிள் ஸ்பிரிங்கின் முன் முனையில் இருக்கிறது. அது நீண்டால் ஆக்ஸில் முன்னோக்கிச் சாய்ந்து காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். ஸ்டியரிங் தானாகத் திரும்பாததும் நெடுஞ்சாலையில் அலைவதும் அதனால்தான். இதைச் சரிசெய்ய முன்பு யாராவது ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்திருந்தால் இப்போது அதையும் எடுங்கள். விட்டுவிட்டால் காஸ்டர் கூடி ஸ்டியரிங் கனக்கும்.

இறங்கியதும் ஸ்டியரிங் வீல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். வீலைக் கழற்றி மாட்டாதீர்கள், ஸ்டியரிங் பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கின் நீளத்தைத் திருத்துங்கள். பிறகு டோ (முன் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு) அலைன்மென்ட்.

தூக்கியபோது மாற்றிய மற்றவை

நீள ஷாக் அப்சார்பர் அப்படியே இருந்தால் பெரிய பள்ளத்தில் அது முதலில் முட்டி, மவுண்ட் பிய்ந்துவிடும். வண்டி தரையில் நிற்கும்போது ஷாக்கின் கண்ணுக்குக் கண் அளவை எடுங்கள். அதைக் கழற்றி முழுதாக அமுக்கி மறுபடி அளங்கள். இந்த வித்தியாசம், ஆக்ஸிலுக்கும் அது மேலே வந்து முட்டும் ரப்பர் பம்ப் ஸ்டாப்புக்கும் உள்ள இடைவெளியைவிட 15 மி.மீ.யாவது அதிகம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கம்பெனி ஷாக்கே போடுங்கள். நீள பிரேக் ஹோஸ் டயரில் உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் ஸ்பேசர் இருந்தால் எடுங்கள்.

31 அங்குல டயர் இந்த உயரத்துக்கு ஒத்துவராது, மட்கார்டில் உரசும்.

மழைக்காலத்தில் முடிச்சூர், பள்ளிக்கரணைத் தண்ணீரில் போக வேண்டுமே என்று சிலர் தயங்குவார்கள். டிஃப்ரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டயர்தான் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங்கை இறக்கினாலும் அது மாறாது. ஏர் ஃபில்டர் வாயும் பாடியின் அடித்தளமும்தான் கீழே வரும். ஆனால் ஆக்ஸில் ஹவுசிங்குக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயை மேலே நீட்டி வைத்திருந்தால் அதை மட்டும் எடுக்காதீர்கள். சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து, குழாய் வழியே உள்ளே இழுக்கும். குழாய் தாழ்வாக இருந்தால் கியர் ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறிவிடும்.

100 கி.மீ. ஓடியதும் யு போல்ட், ஷாக்கிள் நட்டு எல்லாவற்றுக்கும் மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள், 500 கி.மீ.யில் இன்னொரு முறை. அப்போதே நான்கு ஹப் அளவையும் எடுத்து, இடது வலது வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் இருந்தால் பட்டைகள் எந்தப் பக்கம் களைத்திருக்கின்றன என்று பாருங்கள். ஹெட்லைட்டின் வெளிச்சமும் தாழ்ந்திருக்கும், அதையும் திருத்திவிடுங்கள்.