நடுத்தர நகர மாரத்தான்: பின்பாதியைத் தனியாக ஓடத் தயாராவது எப்படி?

பல்லாயிரம் பேர் திரளும் பெருநகர மாரத்தானுக்கும் சில ஆயிரம் பேர் மட்டுமே ஓடும் நடுத்தர நகர மாரத்தானுக்கும் தூரம் ஒன்றுதான். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கிலோமீட்டர் 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அன்றிலிருந்து அது மாறவில்லை. ஆனால் பெரிய போட்டியில் தொடக்கம் முதல் முடிவு வரை முன்னும் பின்னும் ஆட்கள் இருந்துகொண்டே இருப்பார்கள், நடுத்தர நகரத்திலோ பாதித் தூரம் கடந்த பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஓரிருவரைத் தவிர யாரும் தென்படாத சாலையில் ஓட நேரிடும். முன்பு ஓடியவர்கள் எழுதும் அனுபவங்களில் இது எப்படியாவது இடம்பெற்றுவிடுகிறது. அதை ஒரு குறையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுபவர்களே அதிகம். முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்குத் தயாராக முடியும் என்பதால், அந்த அனுபவங்களிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, அதை வைத்து எப்படித் திட்டமிடுவது என்பதை இங்கே பார்க்கலாம்.

பிறர் அனுபவங்களைப் படிக்கும் முறை

ஒருவருடைய அனுபவத்தைப் படிக்கத் தொடங்கும் முன் அவர் எவ்வளவு நேரத்தில் ஓடி முடித்தார் என்று பாருங்கள். 3 மணி நேரத்தில் முடித்தவரும் 5 மணி நேரத்துக்கு மேல் எடுத்தவரும் ஒரே பாதையில் ஓடினாலும், இருவருக்கும் வாய்த்தது வேறு வேறு போட்டி என்றே சொல்ல வேண்டும். முதலாமவர் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறார். அவர் கடக்கும்போது எல்லா மேசைகளிலும் தண்ணீர் இருக்கிறது, எல்லாச் சந்திப்புகளிலும் வாகனங்கள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. இரண்டாமவர் வரும்போது தண்ணீர் தீர்ந்திருக்கலாம், சாலை பாதி திறந்துவிடப்பட்டிருக்கலாம். ஆகவே உங்கள் இலக்கு 5 மணி நேரம் என்றால், நாலே முக்காலிலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்குள் முடித்தவர்களின் குறிப்புகளைத் தேடிப் படியுங்கள். ஏற்பாடு எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தவரை, கடைசியில் வந்தவர்களின் சாட்சியத்துக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அடுத்ததாக, உணர்ச்சியையும் தகவலையும் பிரித்துப் படிக்க வேண்டும். ‘பாதை அருமை, மக்கள் உற்சாகம் அபாரம்’ என்பது அன்று மாலையே, கழுத்தில் பதக்கத்தோடு உட்கார்ந்து எழுதியதாக இருக்கும். அதில் நீங்கள் பயன்படுத்திக்கொள்ள எதுவும் இல்லை. ‘33ஆவது கிலோமீட்டரில் நிழலே இல்லாத நீண்ட மேம்பாலம், எதிர்க்காற்று’ என்ற ஒரே வரி போதும், உங்கள் பயிற்சித் திட்டத்தையே மாற்றிக்கொள்ளலாம். குறை சொல்லும் குறிப்புகளையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் தண்ணீர் கிடைக்கவில்லை என்றால் அது தற்செயலாக இருக்கலாம். வெவ்வேறு நேரத்தில் ஓடிய சிலர் ஒரே இடத்தைக் குறிப்பிட்டால் அது திட்டமிடலில் உள்ள ஓட்டை. அடுத்த ஆண்டும் அதே குறை வந்திருந்தால், அமைப்பாளர்கள் திருந்துவார்கள் என்று எதிர்பார்க்காமல் உங்கள் தண்ணீரை நீங்களே கொண்டுபோவது நல்லது. பாதியில் விலகியவர்கள் பெரும்பாலும் எதுவும் எழுதுவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். நாம் படிப்பவை ஏறக்குறைய எல்லாமே ஓடி முடித்தவர்களின் கதைகள்.

அடிக்கடி வரும் ஒரு புகாரை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை: ‘என் ஜி.பி.எஸ். கடிகாரம் 42.6 கிலோமீட்டர் காட்டியது, பாதையைத் தவறாக அளந்துவிட்டார்கள்.’ சான்று பெற்ற பாதையை, துல்லியமாக அளவு திருத்திய கருவி பொருத்திய மிதிவண்டியில், வளைவுகளில் சாலை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியாக அளப்பார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டியும் வைப்பார்கள். நாம் வளைவுகளில் அகன்று திரும்புகிறோம், தண்ணீருக்காகச் சாலையின் ஓரத்துக்குப் போய்த் திரும்புகிறோம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கடிகாரமும் தடுமாறும். அதனால் சில நூறு மீட்டர் கூடுவது இயல்பு. இதை வேகக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 4 மணி நேர இலக்குக்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி என்று அட்டவணை சொல்லும், கடிகாரம் 42.6 காட்டப்போகிறது என்றால், அதே கடிகாரத்தில் உங்களுக்கு 5 நிமிடம் 38 விநாடி தேவை. கவலைப்பட வேண்டியது பலருடைய கடிகாரமும் 42க்குக் குறைவாகக் காட்டிய பாதையைப் பற்றித்தான். பாஸ்டன் போலத் தகுதி நேரம் கேட்கும் மாரத்தானுக்காக ஓடுபவர்கள், பாதைக்கு அளவுச் சான்று இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பிரியும் இடம்

வரைபடம் வெளியானதும் முதலில் தேட வேண்டியது, அரை மாரத்தான் ஓடுபவர்கள் முழு மாரத்தான் ஓடுபவர்களைவிட்டுப் பிரியும் இடம். நடுத்தர நகரங்களில் அரை மாரத்தானுக்கே கூட்டம் அதிகம். இரண்டையும் சேர்ந்தே தொடங்கி வைப்பதும் வழக்கம். ஆகவே முதல் ஒன்றரை, இரண்டு மணி நேரம் சுற்றிலும் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு சந்திப்பு வரும். அங்கே இரண்டு அம்புக்குறிப் பலகைகள் நிற்கும், ஒலிபெருக்கியில் யாரோ எண்களைக் கூவிக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கம் திரும்பிவிடுவார்கள், நீங்கள் மறுபக்கம் திரும்புவீர்கள். இருநூறு மீட்டர் தாண்டியதும் ஒலிபெருக்கி ஓய்ந்து, உங்கள் காலணி தரையில் படும் சத்தம் மட்டும் கேட்கும்.

இந்த இடத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆபத்து இருக்கிறது. முன்னால், உங்கள் தூரத்தில் பாதியே ஓடப்போகிறவர்களின் வேகம் உங்களை இழுக்கும். ‘முதல் பாதி எப்படிப் போனதென்றே தெரியவில்லை’ என்று எழுதியவர்களில் பலர் பின்பாதியில் நடந்திருப்பதற்குக் காரணம் இதுதான். பல போட்டிகளில் மார்பில் குத்தும் ‘பிப்’ எனும் எண் அட்டையின் நிறம் பிரிவுக்குப் பிரிவு மாறும். உங்கள் நிற பிப் அணிந்தவர்களை மட்டும் பார்த்து ஓடுங்கள். முதல் 5 கிலோமீட்டரில் இலக்கு வேகத்தைவிடச் சற்று மெதுவாகப் போனாலும் பாதகமில்லை. பிரிந்த பின்போ, கூட்டம் கொடுத்த தாளம் போய்விடுவதால், களைப்பே இல்லாதபோதும் வேகம் தன்னையறியாமல் குறையும். அடுத்த மூன்று கிலோமீட்டருக்கு மட்டும் கடிகாரத்தை அடிக்கடி பார்த்து, உங்கள் தாளத்தை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கான பயிற்சி எளிது, ஆனால் சுவாரசியமற்றது. நீண்ட ஓட்டங்களை எப்போதும் குழுவோடு ஓடுபவர்கள், போட்டிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் சில வாரங்களாவது அவற்றைத் தனியாக ஓட வேண்டும். அவற்றில் ஓரிரண்டு ஓட்டங்களில் கடைசி 10 அல்லது 12 கிலோமீட்டரை, வேடிக்கை பார்க்க எதுவும் இல்லாத நேர்ச்சாலையில், பாட்டுக் கேட்காமல், இலக்கு வேகத்தில் முடிக்க வேண்டும். காதில் கருவி மாட்டிக்கொள்வதை அனுமதிக்காத போட்டிகள் உண்டு; அனுமதித்தாலும் வாகனங்கள் குறுக்கிடக்கூடிய பாதையில் அது நல்லதல்ல.

பாதையின் அமைப்பையும் கவனியுங்கள். போன வழியே திரும்பி வரும் பாதையில் எதிரே வருபவர்களையாவது பார்க்கலாம். தனிமையைத் தாங்க அது பெரிய உதவி. ஒரே சுற்றை இரண்டு முறை ஓடும் பாதையில் முதல் சுற்று முடியும்போது முடிவுக்கோடும் பந்தலும் சாப்பாட்டு வாசனையும் பக்கத்திலேயே இருக்கும். விலகிவிடலாமா என்ற எண்ணம் அங்கேதான் வரும். மேலும் இரண்டாவது சுற்றில், பிறகு தொடங்கிய 10 கிலோமீட்டர்க்காரர்களும் குடும்பத்தோடு நடப்பவர்களும் சாலையை நிறைத்திருப்பார்கள். அவர்களைக் கடக்கும்போது இடமும் வலமும் பாய்ந்து பாய்ந்து ஓடாமல், ஒரே ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முன்கூட்டியே குரல் கொடுப்பது மேல்.

வேகம் காட்டும் பேசர் ஒருவரோடு ஓடத் திட்டமிட்டால், தொடக்கக் கோட்டிலேயே அவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: சீரான வேகத்தில் ஓடுவாரா, தண்ணீர் மேசைகளில் நடப்பாரா? சிறிய போட்டிகளில் ஒரு இலக்கு நேரத்துக்கு ஒரே ஒரு பேசர்தான் இருப்பார். அவருக்கு உடம்பு முடியாமல் போனால் குழு கலைந்துவிடும். ஆகவே அவரைத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அவரை மட்டுமே நம்பிவிடக் கூடாது. 15ஆவது கிலோமீட்டரை ஒட்டி, உங்கள் பிரிவு பிப் அணிந்து உங்கள் வேகத்தில் வருபவரிடம் இலக்கு என்ன என்று கேட்டுவிடுவது இன்னும் நல்ல வழி. இரண்டு பேர் சேர்ந்தாலே எதிர்க்காற்றில் மாற்றி மாற்றி முன்னால் ஓடலாம்.

தண்ணீரும் உணவும்

சாலைப் போட்டிகளில் சுமார் 5 கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் நிலையம் இருக்க வேண்டும் என்பது உலகத் தடகள அமைப்பின் விதி. நிலையம் இருப்பது வேறு, நீங்கள் போகும்போது அதில் என்ன மிச்சமிருக்கிறது என்பது வேறு. உணவைப் பொறுத்தவரை, ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. வயிற்றைப் பழக்கியவர்கள், குளுக்கோசும் ஃபிரக்டோசும் கலந்த உணவில் 90 கிராம் வரை போகிறார்கள். மணிக்கு 45 கிராம் என்று வைத்துக்கொண்டால், நாலரை மணி நேரத்துக்குச் சுமார் 200 கிராம் தேவை. ஓடிக்கொண்டே விழுங்குவதற்காகச் சிறு உறையில் வரும் இனிப்புக் குழம்பான ஜெல் ஒன்றில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். ஜெல்லை மட்டுமே நம்பினால் எட்டு முதல் பத்து வரை வேண்டும். இவ்வளவையும் இடுப்புப் பையில் நீங்களே சுமந்து செல்லுங்கள். பயிற்சியில் சாப்பிட்டுப் பழகாத எதையும் போட்டியன்று வாயில் வைக்காதீர்கள். வியர்த்த விரலால் 30ஆவது கிலோமீட்டரில் ஜெல் உறையைக் கிழிக்க முடியாது. மேல் ஓரத்தைப் பல்லால் கடித்து, துண்டு முழுதாகப் பிரிந்துவிடாமல் ஒட்டியிருக்கும்படி இழுத்து, அடியிலிருந்து மேல்நோக்கிப் பிதுக்கிப் பழகுங்கள். ஜெல்லைத் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும் என்பதால், மேசை கண்ணில் படும்போதே கிழிக்கத் தொடங்கிவிட வேண்டும். காகிதக் குவளையின் வாயை விரல்களால் நசுக்கி ஒரு மூக்குபோல ஆக்கிக்கொண்டால் ஓடிக்கொண்டே சிந்தாமல் குடிக்கலாம்.

பிரியும் இடத்தைக் கடந்த பிறகு, மடக்கக்கூடிய சிறு குப்பி ஒன்றில் கால் லிட்டர் தண்ணீர் கையிலிருப்பது நல்லது. அதற்காகக் கண்ட இடத்திலெல்லாம் குடிக்க வேண்டியதில்லை. மெதுவாக ஓடுபவர்கள் ஒவ்வொரு மேசையிலும் நின்று தேவைக்கு மேல் குடிப்பதால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, மனக்குழப்பம் எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகும் நிலை உண்டு. தாகம் எடுக்கும்போது குடியுங்கள். ஐபுபுரோஃபென் போன்ற வலிமாத்திரைகளை ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ போடாதீர்கள். நீரிழந்த உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

கெடு நேரமும் திறக்கும் சாலைகளும்

6 மணி நேரக் கெடு என்றால் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 32 விநாடி. அந்த எல்லையை ஒட்டி ஓடக்கூடியவர்கள் மூன்று விஷயங்களை அமைப்பாளரிடம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: கெடு, தொடக்கத் துப்பாக்கி வெடித்த நேரத்திலிருந்து கணக்கா, நாம் கோட்டைத் தாண்டிய நேரத்திலிருந்தா, இடையில் எங்கெல்லாம் தனிக் கெடு இருக்கிறது, சாலைகள் எந்த வரிசையில் திறக்கப்படும். சாலை திறந்ததும் நீங்கள் நடைபாதைக்கு ஏறிவிட வேண்டும். அப்போது வழிகாட்டிப் பலகைகளையும் எடுத்துவிடுவார்கள். தன்னார்வலர்கள் மேசையை மடக்கிக்கொண்டிருப்பார்கள். கடைசி 10 கிலோமீட்டரின் திருப்பங்களை முதல் நாளே மனப்பாடம் செய்துவையுங்கள். முடிந்தால் வாகனத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வேகமாக ஓடுபவர்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் ஆளில்லாத சந்திப்பில் தனியாக வரும் முன்னணி ஓட்டக்காரர் தவறான பக்கம் திரும்பிவிடுவது கேள்விப்படாத விஷயம் அல்ல.

30ஆவது கிலோமீட்டருக்கும் 38ஆவது கிலோமீட்டருக்கும் இடையில் மனக்கணக்குப் போடுவதை நிறுத்திவிடுங்கள். மிச்சத் தூரத்தை அடுத்த மேசை வரை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடக்க வேண்டி வந்தால் எங்கே, எவ்வளவு நேரம் என்பதை வீட்டிலேயே தீர்மானித்திருக்க வேண்டும்: ஒவ்வொரு மேசையிலும் ஒரு நிமிடம் என்பதுபோல. அங்கே போய்த் தீர்மானித்தால், மீண்டும் ஓடத் தொடங்கும் இடம் தள்ளிக்கொண்டே போகும்.

போட்டியன்று காலை

இந்த அளவுப் போட்டியின் பெரிய வசதி காலையில்தான் தெரியும். விடுதியிலிருந்து நடந்தே வரலாம், பை வைக்கும் இடத்தில் நெரிசல் குறைவு, தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு வந்தாலும் இடம் கிடைக்கும். ஆனால் ஓட்டக்காரர்களை வேகவாரியாகத் தடுப்புக் கட்டிப் பிரித்திருக்க மாட்டார்கள் என்பதால், முன்வரிசையில் நிற்க ஆசைப்படாமல் உங்கள் வேகக்காரர்களுக்கு நடுவே போய் நில்லுங்கள். கழிப்பறை வரிசை மட்டும் எங்கும் நீளம்தான். பிப்பின் பின்புறம் அவசரத் தொடர்பு எண்ணையும் மருந்து ஒவ்வாமையையும் எழுதுங்கள். இன்னொருவர் பிப்பை வாங்கி ஓடினால், மயங்கி விழும்போது மருத்துவர் கையில் கிடைப்பது வேறொருவருடைய விவரமாக இருக்கும். உரசும் இடங்களில் வேசலின், புதிதல்லாத காலணி, ஏற்கெனவே ஓடிப் பார்த்த காலுறை என்பதெல்லாம் எந்த மாரத்தானுக்கும் உள்ளவைதான்.

முடித்த பிறகு உடனே உட்காராமல் பத்து நிமிடமாவது நடந்து, ஈர உடையை மாற்றிக்கொள்ளுங்கள். முடிவுகள் வெளியானதும் உங்கள் இடைநிலை நேரங்களைச் சரிபாருங்கள். நேரத்தைப் பதிவதற்காகத் தரையில் விரித்திருக்கும் பாய்களில் ஒன்றில் நீங்கள் அணிந்திருக்கும் சிப் பதிவாகாவிட்டால், நீங்கள் குறுக்கு வழியில் வந்ததாகக் கணினி எடுத்துக்கொண்டு பெயரை நீக்கிவிடலாம். அப்போது கடிகாரத்தின் பதிவுக் கோப்பையும், அந்த இடத்துக்கு அருகே எடுத்த படம் கிடைத்தால் அதையும் இணைத்து, முறையீட்டுக்கான கடைசித் தேதிக்குள் எழுதி அனுப்ப வேண்டும்.