சுவிஸில் பிள்ளைகளோடு முதல் ஸ்கீ: எந்த ஊருக்குப் போவது?

பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்கீலாகர் (பனிச்சறுக்கு முகாம்) கடிதத்தைக் கொண்டுவரும் வரைக்கும் நம்மில் பல பேர் பனிமலைப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. கடிதம் வந்ததும், வகுப்பில் எல்லாருக்கும் ஸ்கீ ஓடத் தெரியும் எனக்கு மட்டும் தெரியாது என்று பிள்ளை முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள, உடனே பெயர் கேள்விப்பட்ட ஒரு பெரிய இடத்துக்குக் காரை விடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன். நாலு பேருக்கும் முழுநாள் டிக்கெட், சப்பாத்து வாடகைக்கு எடுக்க நீண்ட வரிசை, கடைசியில் பிள்ளைகள் இரண்டும் நாள் முழுக்க ஏறி இறங்கியது ஓரமாக இருந்த ஒரு சின்னச் சரிவில். அப்படி ஒரு சரிவு சின்ன ஊர்களிலும் இருக்கிறது, பாதிக் காசுக்கு.

ஆகவே பிஸ்ட், அதாவது ஸ்கீ ஓடும் பாதை, எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள். செர்மாட் மாதிரிப் பெரிய இடத்தில் இத்தாலிப் பக்கத்தையும் சேர்த்து 360 கிலோமீட்டர் என்கிறார்கள், முதல் இரண்டு மூன்று நாளும் உங்களுக்கு வேண்டியது 200 மீட்டர்தான். அந்த 200 மீட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஊர் மட்டத்திலேயே, கழிவறைக்கும் கோப்பிக் கடைக்கும் பக்கத்தில் இருந்தால் அதை விடாதீர்கள் (உடுப்பு முழுக்க மாட்டி முடித்த கையோடு நாலு வயதுப் பிள்ளை என்ன கேட்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்). கேபிள் காரில் மேலே போனால்தான் பழகும் இடம் என்றால், ஸ்கீயே ஓடாத அம்மம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க வேண்டிவரும்.

அடுத்தது லிஃப்ட். பிஸ்ட் வரைபடத்தில் மந்திரக் கம்பளம், அதாவது நின்றபடியே மேலே கொண்டுபோகும் ஓடும் பட்டை, இருக்கிறதா என்று தேடுங்கள். வெறும் இழுவை லிஃப்ட் மட்டும் உள்ள இடத்தில் பெரியவர்களே திண்டாடுவார்கள்: அந்தக் கம்பியில் உட்காரக் கூடாது, அது பின்னாலிருந்து தள்ள நாம் நிற்க வேண்டும், உட்கார்ந்தால் விழுவோம். அப்புறம், கொஞ்சம் பழகியபின் இறங்க ஒரு நீல பிஸ்ட் வேண்டும். நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். ஆனால் சில நீலம் வெறும் காட்டுப் பாதை, ஒடுக்கமாக, ஒரு பக்கம் பள்ளத்தோடு இருக்கும். அகலமானதாகப் பார்த்து எடுங்கள்.

மூன்று ஊர் சொல்கிறேன். பக்கத்து நாடான லிச்ரன்ஸ்ரைனில் உள்ள மால்புன் 1600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பழகும் இடம் ஊருக்குள்ளேயே, சுவிஸ் பிராங்தான் அங்கேயும், சுவிஸ் பக்கத்து சார்கான்ஸில் ரயிலை விட்டு இறங்கி வாடூஸ் வழியாக பஸ்ஸில் போகலாம். முதல் தடவைக்கு என் தேர்வு அதுதான். கிளாருஸ் மாநிலத்து பிறவுண்வால்டில் கார் கிடையாது, சூரிச்சிலிருந்து ரயில் நேராக லிந்தால் வரைக்கும் போகும், அங்கிருந்து மலை ரயில். அமைதியென்றால் அப்படி ஓர் அமைதி, ஆனால் ஊர் 1250 மீட்டர் அளவில்தான், சூடான குளிர்காலத்தில் கீழே பச்சைப் புல் தெரியும், கிளம்பமுன் வெப்கேமைப் பாருங்கள். வலே மாநிலத்து பெட்மரால்ப், ஏறக்குறைய 1950 மீட்டர், அதுவும் கார் இல்லாத ஊர், பனிக்குப் பஞ்சமில்லை, தங்கும் செலவு மட்டும் கொஞ்சம் கடிக்கும்.

அமைதி ஊரை மட்டும் பொறுத்ததில்லை, நாளையும் பொறுத்தது. பள்ளிகளின் விளையாட்டு விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு வாரத்தில் வரும், உங்கள் மாநிலத்தை மட்டுமில்லாமல் பக்கத்து மாநிலங்களின் தேதியையும் பார்த்து அந்த வாரங்களைத் தவிருங்கள். பள்ளி தொடங்கியபின் வரும் சனவரி நாட்கள் நல்லவை. தூர ஊர்களில் சனிக்கிழமை வாடகை வீடு மாறும் நாள் என்பதால் பிஸ்ட் காலியாக இருக்கும். நகரத்துக்குக் கிட்ட உள்ள இடங்களில் இது பலிக்காது. மார்ச்சில் வெயில் இதம், ஆனால் மதியத்துக்குப் பிறகு பனி களிமாதிரி ஆகிவிடும்.

காசு விசயம்: பழகும் இடத்துக்குத் தனி டிக்கெட் அல்லது அரைநாள் டிக்கெட் உண்டா என்று கேளுங்கள், பெரியவர்கள் முழு மலைக்கும் கட்டத் தேவையில்லை. பிள்ளைகளின் சாமானை இலையுதிர் காலத்திலேயே சீசன் வாடகைக்கு எடுத்தால் இரண்டு மூன்று பயணத்திலேயே லாபம். சாப்பாடு கொண்டுபோங்கள், ரோல்ஸும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் போதும், கொண்டுபோனதைச் சாப்பிட அறை இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

வீடு புக் பண்ணுமுன் அந்த ஊர் ஸ்கீ பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். பல இடங்களில் குழு வகுப்பு திங்கள் தொடங்கி வெள்ளி வரைக்கும்தான். சனி ஞாயிறு மட்டும் போனால் தனி வகுப்புத்தான் கிடைக்கும், அது விலை கூட. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று நீங்களே சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள், நான் போய், மகள் இரண்டு மணிநேரம் என்னோடு கதைக்கவில்லை.