பவளத்தில் கை வைப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள்

சிங்கப்பூரில், யீஷூன் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் மூன்றடி ரீஃப் டேங்க், அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மான்டிபோரா பவளத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. என்னவென்று பார்க்கக் கையை விட்டேன். விரலில் சிறு வெட்டுக்காயம் இருந்தது, அதில் சுருக்கென்றது. உப்பு எரிச்சல்தான் என்று கையை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். மறுபடியும் சுருக். அப்புறம்தான் தண்ணீரில் அலை கிளப்பும் பம்பான பழைய 230 வோல்ட் வேவ்மேக்கரின் ஒயரைப் பார்த்தேன். கண்ணாடி விளிம்பில் மடங்கும் இடத்தில் உறை வெடித்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது.

மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி வீட்டில் இருந்தும் ஏன் டிரிப் ஆகவில்லை? டேங்க் கண்ணாடி, என் காலில் ரப்பர் செருப்பு. கசிந்த மின்சாரம் தரைக்கு இறங்கப் போதுமான வழியில்லை. அப்படி இறங்கினால்தான் ஆர்சிசிபிக்குத் தெரியும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தால் என் உடம்பே அந்த வழியாகியிருக்கும். அந்த வாரமே டைட்டானியம் கிரவுண்ட் புரோப் (எர்த் கம்பி) ஒன்றை டேங்கில் போட்டு எர்த்தோடு இணைத்தேன். இனி கசிவு வந்தால் யாரும் கை வைப்பதற்கு முன்பே டிரிப் ஆகும். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் புரோபை மட்டும் போடவே கூடாது. தண்ணீர் எர்த்தாகிவிடும். ஒரு கை தண்ணீரிலும் மறு கை பழுதான லைட்டிலும் இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள்.

எக்ஸ்டென்ஷனை சம்ப் (டேங்குக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) பக்கத்தில் தரையில் போடாமல் சுவரில் உயரமாக மாட்டுங்கள். ஒயர் நேராகப் பிளக்குக்குள் இறங்கக் கூடாது. பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும். வழிந்து வரும் துளி அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும். பிளக்கில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தால், ஸ்விட்சை அணைத்துக் கழற்றித் துடைத்துக் காயவிடுங்கள்.

சரி, பூச்சிக்கு வருவோம். அன்று நான் பார்த்தது மான்டிபோராவைத் தின்னும் நுடிபிராங்க், ஓடில்லாத ஒரு கடல் நத்தை. சில மில்லிமீட்டர்தான் இருக்கும், முதுகில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். பவளத்தின் அடிப்பக்கம் ஒளிந்து தின்னும், தின்ற ஓரம் வெறும் எலும்பாக வெளுக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பவளத்தை வெளியே எடுத்தேன். வாளியில் டேங்க் தண்ணீர், அதில் லேபிளில் போட்ட அளவு அயோடின் டிப் (பவளத்தை முக்கி எடுக்கும் மருந்து), பத்து நிமிடம். பேஸ்டரால் (பெரிய சொட்டுக்குழாய்) தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் ஒவ்வொன்றாக உதிர்ந்து விழும். முட்டை மட்டும் டிப்புக்குச் சாகாது. அதைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். பவளம் ஒட்டியிருக்கும் சிறு அடிக்கட்டையையும் (இதற்கும் பிளக் என்றுதான் பெயர்) வெட்டி எறிந்துவிடுவேன், முட்டை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். தப்பிய முட்டை பொரித்து வரும் என்பதால் வாரம் ஒரு டிப், குறைந்தது நான்கு வாரம். டிப் தண்ணீர் டேங்குக்குத் திரும்பவே கூடாது.

டேங்கில் களைபோலப் பரவும் கடல் அனிமோனான ஐப்டேசியாவைச் சுரண்டாதீர்கள், ஒட்டியிருக்கும் துணுக்கிலிருந்தே புதிதாக முளைக்கும். பம்புகளை நிறுத்தி, கெட்டியாகக் குழைத்த கால்க்வாசரை (சுண்ணாம்புப் பொடி) சிரிஞ்சில் எடுத்து அதன் வாயில் வையுங்கள். ஒரே நாளில் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம், பிஎச் ஏறிவிடும்.

பவளத்தைப் போலக் கல்லில் ஒட்டி வளரும் பாலிதோவா, சோவா வகைகளைத் தொடும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். பாலிதோவா ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவோ வேகவைக்கவோ கூடாது. அதிலுள்ள பாலிடாக்சின் என்ற கடும் விஷம் ஆவியோடு மூச்சில் ஏறி, குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் டிப் வேலை முடியும்வரை அவர்களை அடுத்த அறையில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக் காயவைத்த பிறகே ஸ்விட்ச். முதலில் சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்ப், பிறகு வேவ்மேக்கர், நுரையாக அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மர். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்தை மட்டும் ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். அணைத்த உடனே போட்டால் கம்ப்ரசர் திணறும்.