கச்சேரிக்குப் புதிதாக வந்தவரிடம் செய்யக் கூடாதவை

போன மார்கழியில் ஒரு மத்தியானக் கச்சேரி. முன்வரிசையில் ஒரு பையன், அவனோடு வந்த ஒரு பெண். பாடகி ஆலாபனையை, அதாவது பாட்டுக்கு முன்னால் வார்த்தையில்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவதை, எடுத்ததும் அந்தப் பெண் குனிந்து ஒரு சினிமாப் பாட்டைச் சொன்னாள். "இங்க வந்து சினிமாவப் பேசாத" என்றான் பையன். அவனே மூன்றாவது சீசனாகத்தான் வருகிறானாம். அதை அப்புறம் கேன்டீனில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையைச் சொன்னவன் நான்.

செல்போனை அணைப்பது, பாட்டு நடக்கும்போது பேசாமலிருப்பது எல்லாம் தெரிந்த விஷயம், விட்டுவிடலாம். நாலு கச்சேரி கேட்டதுமே நமக்கு ஒரு காவல்கார வேலை வந்துவிடுகிறதே, நான் சொல்ல வந்தது அதைப் பற்றி.

சினிமாப் பாட்டை வைத்து ராகம் சொல்பவரைப் பார்த்துச் சிரிப்பது

அப்போது என்னோடு வேலை பார்த்த ஒருவரை மயிலாப்பூரில் ஒரு சின்ன சபாவுக்கு அழைத்துப் போனேன். அப்பாவின் டீக்கடையில் ரேடியோ கேட்டு வளர்ந்தவர், கச்சேரி அவருக்கு அதுதான் முதல் தடவை. ஆலாபனை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது. "சார், இது 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' மாதிரியே இருக்கே" என்றார்.

நான் சிரித்தேன். "சினிமாவ வெச்சு ராகம் சொல்லக் கூடாது. இது ஆனந்தபைரவி" என்றேன், இரண்டு வரிசைக்குக் கேட்கிற மாதிரி.

ஆலாபனை முடிந்தது. வித்வான் 'ஜனனி நின்னுவினா' என்று எடுத்தார். சுப்பராய சாஸ்திரி கிருதி, ராகம் ரீதிகௌளை. 'சின்னக் கண்ணன்' பாட்டும் ரீதிகௌளைதான். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நான் சொன்னது தப்பு. பக்கத்தில் இருந்த மாமா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பாட்டில் லயித்துவிட்டவன்போல் கண்ணை மூடிக்கொண்டேன். நண்பருக்கு நான் தப்பென்பதே தெரியாது. தெரிந்திருந்தால் தேவலை. பாட்டுப் பட்டியல் அச்சடித்த சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் கூப்பிட்டபோது, "நமக்கெல்லாம் அது புரியாது சார்" என்றார். அப்புறம் எத்தனை தரம் கூப்பிட்டும் வரவில்லை. "அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி" என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் யாராவது ரீதிகௌளை பாடினால் முதலில் ஞாபகம் வருவது அந்தச் சட்டைப்பைதான்.

இத்தனைக்கும் அந்தப் பாட்டைப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. 1977இல் வந்த 'கவிக்குயில்', இசை இளையராஜா. அதே பாலமுரளி சபாவில் பாடினால் அப்போது முன்வரிசைக்கு அடித்துப் பிடித்து ஓடியவன் நான். அப்படியிருக்க எந்த வாயால் சிரித்தேனோ!

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ரீதிகௌளை, ஆனந்தபைரவி இரண்டுமே 'ஸகரிகம' என்றுதான் ஏறும். அப்புறம் ரீதிகௌளை 'நி' என்கிற நிஷாதத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆனந்தபைரவி 'ப' என்கிற பஞ்சமத்துக்குப் போகும். இதெல்லாம் என் நோட்டுப் புத்தகத்தில் ஆரோகண அவரோகணமாக, ஸ்வரங்கள் ஏறி இறங்கும் வரிசையாக எழுதியிருந்தது, காதில்தான் இல்லை. அவருக்கு நேர்மாறு. ஒரு பாட்டை ஆயிரம் தடவை கேட்டவருக்கு அந்த ராகத்தின் நெளிவுசுளிவெல்லாம் பெயர் தெரியாமலே பழகியிருக்கும். இப்போது வருகிற பிள்ளைகள் இதே ராகத்துக்கு 'கண்கள் இரண்டால்' என்பார்கள். சொல்லட்டும். "எந்த இடம் அப்படி இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சில சமயம் நமக்கே பாடமாக இருக்கும். அவர் சொன்ன ராகம் தப்பாகவே இருந்தாலும் கச்சேரி முடிந்து காபி குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம், ஒன்றும் அவசரமில்லை.

கேள்வித்தாள் நீட்டுவது

"எழுபத்திரண்டு மேளகர்த்தாவும் தெரியுமா?" மற்ற ராகங்களுக்கெல்லாம் தாயான அந்த ராகங்களில் கேட்பவருக்கே பாதிக்கு மேல் தெரியாது.

'சம்பிரதாயம்' என்று கதவடைப்பது

இந்தக் கதவு எத்தனை தடவை திறந்திருக்கிறது என்று தெரிந்தால் இவ்வளவு முறைப்பாக நிற்க மாட்டோம். இன்று வயலின் இல்லாமல் பாட்டுக் கச்சேரி கிடையாது, அது ஐரோப்பியரிடமிருந்து வந்த வாத்தியம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி கற்றுக்கொண்டு வாசித்தார். எலெக்ட்ரிக் மாண்டலினைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீனிவாஸ் என்ற சிறுவன் மேடையேறியபோதும் முகம் சுளித்தவர்கள் உண்டு.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதியில் 1920களில் தன் சொத்தைப் போட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அங்கே அவர் நினைவாக வருஷாவருஷம் நடந்த ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை. நாகரத்தினம்மாள் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்தினார். ஆராதனையைத் தனித்தனியாக நடத்திப் பிரிந்து கிடந்த கோஷ்டிகள் ஒன்றுசேர 1940 ஆயிற்று. இன்று ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்னக் கிருதிகளைப் பாடுவதைத்தான் நாம் 'அந்தக் காலத்துச் சம்பிரதாயம்' என்கிறோம்.

தொடையில் தாளம் தப்பினால் திருத்துவது

அவர் தொடை, அவர் தாளம்.

தனி ஆவர்த்தனத்தில் எழுந்தவரை முறைப்பது

பாட்டு நின்று மிருதங்கம் தனியாக வாசிக்கிற நேரம் அது. முறைக்கலாம்தான், எனக்கும் எரிச்சலாகத்தான் வரும். ஆனால் எழுகிறவர்கள் யாரென்று ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். புதிதாக வந்தவர்கள் மிருதங்கத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாற்பது வருஷ ரசிகர்கள்தான் போண்டா சூடாக இருக்கும்போதே கேன்டீனுக்கு நழுவுவார்கள்.